ஒரு போன் அழைப்பு, ஒரு கஞ்சா கார்டு, ஒரு கிரீன் கார்டு

அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவில், நோய்க்காகக் கஞ்சா வாங்க மாநில அரசு தரும் மருத்துவக் கஞ்சா கார்டைப் பெற டாக்டரை நேரில் பார்க்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே போனில் பேசினால் போதும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தற்காலிகமாகக் கொடுத்த சலுகை இது. 2021 ஜூன் 30 அன்று கையெழுத்தான சட்டத் திருத்தம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. நடக்க முடியாதவர்களுக்கும், பக்கத்தில் டாக்டர் இல்லாத சிற்றூர்க்காரர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் இதே வசதி அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது பலருக்குத் தெரியவில்லை. எனக்குப் பழக்கமான ஒருவருக்கு நடந்ததை வைத்து இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

ஐம்பதைத் தாண்டியவர். தமிழ்நாட்டிலிருந்து எச்-1பி வேலை விசாவில் வந்து, இந்தியர்களுக்கென்றே நீண்டுகிடக்கும் அந்த வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருந்து கிரீன் கார்டு வாங்கியவர். பிட்ஸ்பர்க் புறநகரில் வீடு, மென்பொருள் வேலை. கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலி இடது தொடை வழியாகக் கணுக்கால் வரை இறங்கும். அறுவை சிகிச்சை செய்தும் முழுசாகப் போகவில்லை. நரம்பு வலிக்கான கேபாபென்டின் மாத்திரை சாப்பிட்டால் காலை மீட்டிங்கில் கண் சொருகுகிறது. ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகி மேற்குப் பென்சில்வேனியா பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ராத்திரித் தூக்கம்தான் அவருக்குப் பெரிய பிரச்சினை. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அமெரிக்கர் ஒருவர், தன் அப்பாவுக்கு மூட்டு வலிக்குக் கஞ்சா எண்ணெய் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி, கார்டு எடுத்துக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரையும் கொடுத்தார்.

முதலில் மாநிலச் சுகாதாரத் துறையின் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும். பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும், எல்லாம் ஆன்லைனில் முடிந்துவிடும். ஒரு நோயாளி எண் கிடைக்கும். அப்புறம் அந்தத் துறையின் அங்கீகாரம் பெற்ற டாக்டர் ஒருவர், சட்டப் பட்டியலிலுள்ள நோய்களில் ஒன்று இவருக்கு இருக்கிறது என்று சான்றளிக்க வேண்டும். 2016-இல் வந்த மூலச் சட்டத்தில் புற்றுநோய், வலிப்பு, பார்க்கின்சன் போன்றவற்றோடு தீராத கடும் வலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2019-இல் பதற்ற நோயையும் சேர்த்தார்கள். டாக்டர் சான்றிதழை ஏற்றியதும் மாநிலத்துக்கு 50 டாலர் கட்டினால் கார்டு தபாலில் வந்துவிடும். டாக்டருக்குக் கொடுப்பது தனி. அது பெரும்பாலும் நூறு டாலருக்கு மேல் வரும், காப்பீடு ஒரு பைசா தராது.

டாக்டருடன் பேசும் நேரத்தை மதிய இடைவேளையில் வைத்துக்கொண்டார். அவரே இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். இந்த மாதிரி அழைப்பு என்றாலே காசை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற வேலை என்று ஒரு பேச்சு உண்டு. இவருக்குக் கிடைத்த டாக்டர் அப்படியில்லை. எம்ஆர்ஐ அறிக்கையை முன்னாலேயே அனுப்பச் சொல்லிப் படித்திருந்தார். என்னென்ன மாத்திரைகள், இதயக் கோளாறு உண்டா, வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்ததா, மது எவ்வளவு என்று கேட்டார். மாநிலத்தின் மருந்துக் கண்காணிப்புப் பதிவேட்டில், வேறு யாரிடமாவது ஓபியாய்டு வாங்குகிறாரா என்றும் பார்த்தார். அது சட்டப்படி கட்டாயம். குறைந்த அளவில் தொடங்குங்கள், தூங்கப் போகும் முன் மட்டும் எடுங்கள், எடுத்தபிறகு வண்டியைத் தொடாதீர்கள் என்றார். புகைப்பதைப் பென்சில்வேனியாச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும், எண்ணெய், மாத்திரை, நாக்கடியில் விடும் சொட்டு, ஆவியாக இழுக்கும் வகை போன்றவைதான் கிடைக்கும் என்பதையும் சொன்னார். கால் மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. அன்று மாலையே பதிவேட்டில் சான்றிதழ் ஏறிவிட்டது.

மருத்துவமாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வலியைப் போனில் தொட்டுப் பார்க்க முடியாதுதான். ஆனால் பழைய முதுகுவலிக்காரரிடம் எம்ஆர்ஐயும் அறுவை சிகிச்சைக் குறிப்பும் இருக்கும்போது நேரில் போய்க் கூடுதலாக என்ன தெரிந்துவிடப் போகிறது? மருந்து கேட்குமா என்பதில்தான் மருத்துவ உலகம் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமிகளின் 2017 அறிக்கை, பெரியவர்களின் நாட்பட்ட வலிக்குக் கஞ்சா பலன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது. 2021-இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கமோ, வலிக்கு இதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்று கைவிரித்தது.

போனில் சான்று தர முடிவது எப்படி

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தூக்க மாத்திரையோ ஓபியாய்டோ, கட்டுப்படுத்தப்பட்ட எந்த மருந்தையும் நேரில் ஒரு முறையாவது பார்க்காமல் இணையம் வழியாக எழுதித் தரக்கூடாது என்று 2008-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ரயன் ஹெய்ட் என்ற 18 வயதுப் பையன், இணையத்தில் வாங்கிய வலி மாத்திரையால் 2001-இல் இறந்துபோனான். சட்டத்துக்கு அவன் பெயரையே வைத்தார்கள். கொரோனா காலத்தில் அந்த விதியைத் தளர்த்தியது வேறு கதை. ஆனால் கஞ்சா, மத்திய அரசின் கணக்கில் 1970-இலிருந்து ஹெராயினோடு ஒரே வரிசையில், அதாவது மருத்துவப் பயனே இல்லாத முதல் அட்டவணையில் வைக்கப்பட்ட பொருள். அதை எந்த டாக்டரும் மருந்துச் சீட்டில் எழுத முடியாது. எழுத முடியாத பொருளுக்கு அந்த 2008 சட்டமும் பொருந்தாது. டாக்டர் தருவது மருந்துச் சீட்டு இல்லை. இவருக்கு இன்ன நோய் இருக்கிறது, கஞ்சா உதவலாம் என்ற சான்று மட்டுமே. அந்தச் சான்றை நேரில் தருவதா போனில் தருவதா என்பது முழுக்க மாநிலத்தின் இஷ்டம்.

அந்தச் சான்றைத் தரும் உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. 1996-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தபோது, அதைப் பரிந்துரைக்கும் டாக்டர்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதத் தான் தரும் அனுமதியைப் பறிப்போம் என்று மத்திய அரசு மிரட்டியது. சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்துவந்த மார்கஸ் கோனன்ட் என்ற டாக்டர் உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள். டாக்டர் நோயாளியிடம் பேசுவது பேச்சுரிமை, பேசியதற்காகத் தண்டிக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு அதில் தலையிட மறுத்தது. இன்று போனில் நடக்கிற ஒவ்வொரு ஆலோசனையும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நடக்கிறது. அந்தத் தீர்ப்புக் காப்பாற்றியது டாக்டரை. நோயாளிக்கு அப்படி ஒரு காப்பு கிடைக்கவில்லை. 2005-இல் கலிஃபோர்னிய நோயாளிகள் இருவர் தொடுத்த வழக்கில், மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லா மாநிலமும் பென்சில்வேனியா போல இல்லை. ஃபுளோரிடாவில் முதல் முறை நேரில் போய்த்தான் ஆக வேண்டும். புதுப்பிப்பதை மட்டும் 2023 முதல் தொலைவிலிருந்து செய்யலாம். ஓக்லஹோமாவில் நோய்ப் பட்டியலே கிடையாது. டாக்டர் சரி என்றால் சரி.

ஐம்பது டாலர் கட்டும் முன்

அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த வாரம்தான் அந்த அம்மா இரண்டு பேருக்கும் குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் நிறையப் போகிறது. அதற்கு 90 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம்.

"என்னங்க, பிடிபடாத குற்றம் ஏதாவது செஞ்சிருக்கீங்களான்னு இதுல ஒரு கேள்வி இருக்கு. கார்டு எடுத்தா அதுக்கு என்ன பதில் போடுவீங்க?"

"கவர்மென்டே குடுக்குற கார்டும்மா இது. இதுல குற்றம் எங்க வந்துச்சு?"

"கார்டு குடுக்குறது எந்த கவர்மென்டு, சிட்டிசன்ஷிப் குடுக்குறது எந்த கவர்மென்டு?"

எனக்குத் தெரிந்து இந்தப் பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. டாக்டரிடம் பேசியதிலும் சரி, அந்த நிறுவனத்தின் படிவங்களிலும் சரி, இவருடைய குடியேற்ற நிலை பற்றி ஒரு கேள்வி கூட வரவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

மறுநாள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் நேரம் வாங்கினார்கள். அவர் விளக்கியதை நானும் பின்னால் சட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். 2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை ஒரு கொள்கை விளக்கம் வெளியிட்டது. மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தாலும், கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் மத்தியச் சட்டத்தை மீறுவதே. குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தை இல்லை என்று காட்ட அதுவே போதும் என்பது அதன் சாரம். வழக்கோ தண்டனையோ தேவையில்லை. நேர்காணலில் 'ஆமாம், வலிக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்று வாயால் ஒப்புக்கொண்டாலே விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். கணக்கில் எடுப்பது விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளையும், அதன்பின் உறுதிமொழி எடுக்கும்வரையான காலத்தையும். குடியுரிமை பெற்றவரை மணந்து அந்த வழியில் விண்ணப்பிப்பவருக்கு மூன்று ஆண்டு.

ஒரு விலக்கு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்காக 30 கிராமோ அதற்குக் குறைவோ வைத்திருந்த ஒரே ஒரு சம்பவம் என்றால் அது தடையாகாது. கல்லூரியில் ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்கு இது உதவும். மருந்தாக எடுப்பவர் மாதாமாதம் வாங்குவார். ஒவ்வொரு தடவை வாங்குவதும் தனிச் சம்பவம். அதாவது ஆசைக்கு ஒரு முறை எடுத்தவர் தப்பிக்கலாம், டாக்டர் சொன்னபடி ஒழுங்காக எடுத்தவர் மாட்டிக்கொள்வார். இந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது.

குடியுரிமையைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கிரீன் கார்டோடு இருந்துவிடலாமே என்று அவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும்வரை ஆபத்து குறைவுதான் என்றார் வழக்கறிஞர். நாடு கடத்தப் பொதுவாகக் குற்றத் தீர்ப்பு வேண்டும். ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கணக்கு மாறுகிறது. கிரீன் கார்டுக்காரர் சும்மா திரும்பி வந்தால் அவரைப் புதிதாக நுழைபவராகப் பார்க்க மாட்டார்கள். கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் குற்றத்தைச் செய்ததாக அவரே ஒப்புக்கொண்டால் நுழைவை மறுக்க இடம் உண்டு. அதற்கும் தீர்ப்புத் தேவையில்லை. விமான நிலைய அதிகாரி போனைத் திறந்து பார்க்கலாம். அதில் கஞ்சாக் கடையின் ஆப் இருக்கும், 'உங்கள் ஆர்டர் தயார்' என்ற குறுஞ்செய்தி இருக்கும். இவருடைய அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். வருடம் ஒருமுறையாவது இவர் போய் வந்தாக வேண்டும்.

எச்-1பியில் இருக்கும் இளைஞர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்பார்கள். அங்கேயும் மாநிலச் சட்டம் செல்லாது.

கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு மாற்ற நீதித் துறை 2024 மே மாதம் முன்மொழிந்ததை நினைத்துக்கொண்டு, அட்டவணை மாறினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இவரும் கேட்டார். குடியேற்றச் சட்டம் பேசுவது கட்டுப்படுத்தப்பட்ட பொருள் பற்றி. ஐந்து அட்டவணையும் அதில் அடக்கம். அட்டவணை எண் மாறுவதால் மட்டும் டிஸ்பென்சரி என்ற கஞ்சாக் கடையில் வாங்கும் எண்ணெய் மத்திய அரசு ஏற்ற மருந்தாகிவிடாது. 2014 முதல் நாடாளுமன்றம் நிதிச் சட்டத்தில் சேர்த்துவரும் ஒரு விதி, மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டங்களுக்குக் குறுக்கே நிற்க நீதித் துறை பணம் செலவழிக்கக்கூடாது என்கிறது. அது குற்ற வழக்கைத் தடுக்குமே தவிர, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் குடியுரிமை அதிகாரியின் கையைக் கட்டாது.

இதையெல்லாம் கேட்ட அதே அலுவலக நண்பர், கார்டே வேண்டாம், ஒஹாயோவில் 2024 ஆகஸ்ட் முதல் 21 வயதான யாருக்கும் விற்கிறார்களே, ஒரு மணி நேரத்துக்குள் எல்லைக்குப் போய்விடலாமே என்றாராம். நல்ல மனசுதான். மாநில எல்லையைத் தாண்டிக் கஞ்சா கொண்டு வருவது மத்தியக் குற்றம் என்பது அவருக்குத் தெரியாது. அமெரிக்கராகப் பிறந்தவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது.

அப்புறம் என்ன ஆயிற்று

அவர் 50 டாலரைக் கட்டவில்லை. கார்டு வரவில்லை, எதையும் வாங்கவில்லை. சான்றிதழ் பதிவேட்டில் ஏறியதே, அது ஆபத்தா என்பதுதான் அவருடைய அடுத்த பயம். நோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதியது குற்றமாகாது, பொருளைக் கையில் வாங்கினால்தான் மத்தியச் சட்டம் மீறப்படுகிறது என்று வழக்கறிஞர் சமாதானம் சொன்னார். பதிவேட்டிலுள்ள நோயாளி விவரம் ரகசியம் என்று மாநிலச் சட்டமும் சொல்கிறது. நேர்காணலில் கேட்டால் நடந்ததை நடந்தபடியே சொல்லச் சொன்னார். பொய் சொன்னால் அதுவே நன்னடத்தைக்குத் தனித் தடை என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

டாக்டருக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். நிறுவனத்திடம் திரும்பக் கேட்டார். சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, சேவை முடிந்தது என்று பதில் வந்தது. அதில் தப்பில்லை. ஆனால் பதிவுப் படிவத்தில் 'நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் இல்லையென்றால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்' என்று ஒரு வரி போட என்ன செலவாகிவிடும்? ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பவர்கள் இதையும் கேட்கலாம். நேரில் பார்க்கும் டாக்டராக இருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது சந்தேகமே. ஆனாலும் பழைய முறையில் அலைச்சல் இருந்தது, அலைகிற நேரத்தில் வீட்டில் பேச்சு வரும், யாராவது ஒருவர் எச்சரிப்பார். இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. இவர் தப்பியது மனைவியின் கையில் அந்த வாரம் என்-400 இருந்ததால்தான்.

போனில் சொல்லாமல் விட்ட வேறு விஷயங்களும் உண்டு. கார்டு வைத்துக் கஞ்சா பயன்படுத்துபவர் மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வாங்க முடியாது. மான் வேட்டைக்குப் பேர்போன பென்சில்வேனியாவில் உள்ளூர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய இழப்பு. வண்டியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதும் பாதிதான். எடுத்த அன்று ஓட்டாமல் இருந்தால் மட்டும் போதாது. ரத்தத்தில் கஞ்சாவின் மிச்சம் நாள்கணக்கில் தங்கும். பென்சில்வேனியாவில் எவ்வளவு சின்ன அளவு இருந்தாலும் போதையில் ஓட்டியதாக வழக்குப் போடலாம், கார்டைக் காட்டித் தப்பிக்க முடியாது.

வலிக்கு என்ன செய்தார் என்று கேட்கலாம். பழைய டாக்டரிடமே திரும்பிப் போனார். கேபாபென்டினை நிறுத்திவிட்டு டுலாக்செடின் என்ற வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பிசியோதெரபி நடக்கிறது. கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளைச் செயற்கையாகச் செய்த டிரோனாபினால் என்ற மாத்திரை 1985-லிருந்தே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலோடு விற்பனையில் இருக்கிறது. அதை டாக்டர் முறையான மருந்துச் சீட்டில் எழுதலாம், மருந்துக் கடையில் வாங்கலாம், குடியேற்றச் சிக்கலும் வராது. ஒப்புதல் இருப்பது கீமோதெரபி குமட்டலுக்கும் எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும்தான். முதுகுவலிக்கு எழுதினால் காப்பீடு ஏற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்காசு போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்தபின் கார்டு எடுத்தால் இந்தச் சட்டச் சிக்கல் இருக்காது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அப்போதும் அதை இந்தியாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கார்டையெல்லாம் பார்க்காது. இரண்டு பேருடைய என்-400-உம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது. நேர்காணல் தேதி இன்னும் வரவில்லை.